கோடையில் கொல்லைக் காய்கறியும் களையும்: மாசியிலிருந்து ஆடி வரை ஒரு முழு வழிகாட்டி

கோடையில் களை எங்கே வரும் என்று கண்டுபிடிக்க பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், நீங்கள் தண்ணீர் விடும் இடத்தைப் பார்த்தாலே போதும். சித்திரை வெயிலில் கொல்லையின் மற்ற பக்கமெல்லாம் வெடித்துக் கிடக்கும், டியூப் போட்டு நனைத்த இடம் மட்டும் பச்சைப்பசேல் என்று இருக்கும், அந்தப் பச்சையில் பாதி நாம் விதைக்காதது. மழைக்காலத்தில் களையை முளைக்க வைப்பது மழை. கோடையில் அதைச் செய்வது நாம்தான். அதனால் கோடைக் களை மேலாண்மை என்பது முக்கால்வாசி தண்ணீர் மேலாண்மைதான், களைக்கொத்துக்கு வேலை அப்புறம்.

இது திருச்சி, மதுரை, சேலம், வேலூர் மாதிரி ஏப்ரல், மே மாதங்களில் 38, 40 டிகிரி அடிக்கும் சமவெளி ஊர்க்காரர்களுக்காக எழுதியது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட், இரண்டு சென்ட் இடம், கிணறோ போரோ கார்ப்பரேஷன் தண்ணீரோ ஏதோ ஒன்று, காலையில் ஒரு மணி நேரம் கைவசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குக் கணக்கே வேறு.

வெயில் ஏற ஏற களைக்கு ஏன் தெம்பு?

தக்காளி வாடித் தொங்கும் அதே மதியம் பக்கத்தில் கோரை நிமிர்ந்து நிற்கும். இதற்குக் காரணம் இருக்கிறது. கோரை, அருகம்புல், சாரணை, பருப்புக்கீரை எல்லாம் சி4 வகைத் தாவரங்கள், அதாவது கடும் வெயிலிலும் குறைந்த தண்ணீரிலும் ஒளிச்சேர்க்கையைத் தடையில்லாமல் நடத்தும் அமைப்பு அவற்றின் இலையிலேயே இருக்கிறது. தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல் எல்லாம் சி3 வகை, வெப்பம் கூடக்கூட அவற்றின் வேகம் குறையும். ஆகவே மே மாதத்தில் இரண்டையும் சமமாக விட்டுவிட்டுப் போட்டி வைத்தால் ஜெயிப்பது யார் என்பது முன்பே முடிவான விஷயம். ஒரு நல்ல செய்தி, தண்டுக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை எல்லாமே சி4 கூட்டத்தைச் சேர்ந்தவை, அதனால்தான் காய் எல்லாம் கைவிட்ட வெயிலிலும் தண்ணீர் மட்டும் கிடைத்தால் கீரை மளமளவென்று வரும்.

முதல் முடிவு: எவ்வளவு இடத்தில் பயிர் வைப்பது

இதைத்தான் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. இருக்கிற இடம் முழுக்க விதைத்துவிட்டு, பங்குனி கடைசியில் தண்ணீர் பற்றாமல், களை எடுக்க நேரமும் பற்றாமல், மே மாதம் வாசற்பக்கம் வழியாகவே வெளியே போய் வருவார்கள். என் கணக்கு எளிது. கோடையில் பாதி இடத்தில் மட்டும் பயிர். மீதிப் பாதியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழக்கூடாது, அதைக் கிளறிக் காயப்போட வேண்டும். ஆடிப் பட்டத்துக்கு அந்தப் பாதிதான் முதலில் தயாராக இருக்கும். வயலில் கோடை உழவு செய்வார்களே, அதே விஷயம்தான், மாட்டுக்கும் டிராக்டருக்கும் பதில் மண்வெட்டி.

காயப்போடும் பாதியை மாசிக் கடைசியில், மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, முக்கால் அடி ஆழம் கட்டி கட்டியாக வெட்டிப் புரட்டிவிடுங்கள். கட்டிகளை உடைக்க வேண்டாம். கட்டியோடு மேலே வந்த கோரைக் கிழங்கும் அருகம்புல் வேரும் சித்திரை வெயிலில் காய்ந்து சாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கிளறு, அவ்வளவுதான். நடுவில் கோடை மழை ஒன்று பெய்து பச்சை கட்டினால் பயப்பட வேண்டாம். முளைத்து இரண்டு இலை விட்ட நிலையில் ஒரு வெயில் நாளில் மேலாக ஒரு இஞ்ச் சுரண்டிவிட்டால் அந்த வருடத்து விதையில் ஒரு பெரும் பங்கு ஒரே நாளில் முடிந்தது.

இன்னும் ஒரு படி மேலே போக வேண்டுமானால் கண்ணாடி மாதிரித் தெரியும் பாலிதீன் ஷீட்டை விரிக்கலாம். கறுப்பு ஷீட் இதற்கு ஆகாது. தண்ணீரே விழக்கூடாது என்ற விதிக்கு இது மட்டும் விலக்கு: பாத்தியைச் சமப்படுத்தி, நன்றாக நனைத்து, ஷீட்டை மண்ணோடு ஒட்ட விரித்து, நாலு ஓரத்தையும் மண் போட்டு மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் அப்படியே விடுங்கள். உள்ளே மேல்மண் புழுங்கி, அங்கே இருக்கும் களை விதைகளும் சில வேரழுகல் பூசணங்களும் சாகும். எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தக் கூடாது, கொத்தினால் கீழே உயிரோடு இருக்கும் விதையை நீங்களே மேலே கொண்டுவந்து விடுவீர்கள். கோரை மட்டும் இதற்கு முழுசாக மசியாது.

பயிர்ப் பாதி: விதைக்கும் முன்பே ஒரு களை

பாத்தி போட்டதும் விதையைத் தூவும் பழக்கத்தை விடுங்கள். பாத்தியைத் தயார் செய்து, எரு கலந்து, தண்ணீர் விட்டு, ஏழு முதல் பத்து நாள் ஒன்றும் செய்யாமல் காத்திருங்கள். களை முளைக்கும். முளைக்கட்டும், நமக்கு வேண்டியதும் அதுதான். விரல் உயரம் வருவதற்குள் களைக்கொத்தை மண்ணுக்குப் படுக்கையாகப் பிடித்து மேலோட்டமாகச் செதுக்கிவிட்டு, அதன் பிறகு விதையுங்கள். முடிந்தால் இதை இரண்டு தடவை. களை விதைகளில் பெரும்பாலானவை பொடி விதைகள், மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மண்ணில் இருந்தால்தான் முளைக்கும், அந்த அடுக்கைக் காலி செய்துவிட்டு அப்புறம் மண்ணைக் கிளறாமல் இருந்தால் அடுத்த ஒரு மாதத்துக்கு உங்களுக்குப் பாதி வேலைதான்.

எருவில் ஒரு எச்சரிக்கை. மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை இரண்டிலும் களை விதை செரிக்காமல் வெளியே வரும். பச்சையாகவோ அரைகுறையாக மக்கியோ போட்டால் நாயுருவி, குப்பைக்கீரை, புல் எல்லாம் உரத்தோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடும். கையில் அள்ளினால் தேயிலைத் தூள் மாதிரி உதிர வேண்டும், சாண வாடையே இருக்கக்கூடாது. வண்டியில் வந்து இறங்கிய எருவில் சந்தேகம் இருந்தால் ஒரு தொட்டியில் கொஞ்சம் போட்டு நனைத்து வையுங்கள், பத்து நாளில் அது யார் என்று தெரிந்துவிடும்.

தண்ணீரை எங்கே விடுவது

மழைக்கால மேட்டுப்பாத்தி கோடையில் சீக்கிரம் காய்ந்துவிடும். கோடைக்குத் தரைமட்டத்திலோ கொஞ்சம் பள்ளமாகவோ பாத்தி இருப்பது நல்லது. நடைபாதையை அகலமாக, குறைந்தது ஒன்றேகால் அடியாவது விட்டு, அதில் தண்ணீர் போகாதபடி வரப்பு கட்டிவிடுங்கள். நடைபாதை காய்ந்து கெட்டியாக இருந்தால் அங்கே களை எடுக்கும் வேலையே இல்லை.

டியூபில் விரலை வைத்து மழை மாதிரி தெளிப்பது பார்க்க அழகு, மனசுக்கும் குளிர்ச்சி, ஆனால் களைக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. மேல்மண் மட்டும் நனைகிறது, களை விதை முளைக்கிறது, செடியின் வேர் மேலேயே நின்றுவிடுகிறது, மறுநாள் மதியம் செடி வாடுகிறது, நாம் இன்னும் தெளிக்கிறோம். ஒவ்வொரு செடிக்கும் ஒரு சின்ன வட்டக் குழி, அதில் மட்டும் நிதானமாக நிறைய தண்ணீர், இதுதான் வேண்டும். செம்மண்ணாக இருந்தால் ஒன்று விட்டு ஒரு நாள், களிமண்ணோ கரிசலோ என்றால் மூன்று நாளைக்கு ஒரு முறை போதுமா என்று விரலை இரண்டு இஞ்ச் விட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். கீரைப் பாத்தியும் முளைத்து வரும் நாற்றும் மட்டும் விதிவிலக்கு, அவற்றுக்குத் தினமும் வேண்டும். சொட்டுநீர்க் குழாய் போட முடிந்தவர்களுக்கு இதெல்லாம் தானாக நடந்துவிடும்.

பந்தல் காய்க்குப் பானைப் பாசனத்தைப் பலமாகச் சொல்வேன். சுட்ட மண்பானை, பெயின்டோ மெருகோ பூசாதது, ஐந்து லிட்டர் அளவில் இருந்தால் போதும். குழிக்கு நடுவே கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, ஓட்டுச் சில்லோ மூடியோ போட்டு மூட வேண்டும், இல்லையென்றால் கொசு முட்டை வைக்கும். சுற்றிலும் அரை அடி தள்ளி மூன்று நான்கு பாகல் விதையோ வெள்ளரி விதையோ ஊன்றுங்கள், முளைத்து வேர் இறங்கும் வரை மட்டும் மேலே கொஞ்சம் தண்ணீர். பானையின் சுவர் வழியாகக் கசிவது நேரே வேருக்குப் போகும், மேல்மண் வறண்டே கிடக்கும், களைக்கு அங்கே வேலை இல்லை. உப்புத் தண்ணீர் ஊர்களில் இரண்டு மூன்று மாதத்தில் பானையின் துளைகள் அடைத்துக்கொள்ளும், அப்போது எடுத்து நார் போட்டுத் தேய்த்துத் திரும்பப் புதைக்கலாம்.

என்ன விதைப்பது, என்ன வேண்டாம்

வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, பாகல், புடலை, பீர்க்கு, சுரை, பூசணி, வெள்ளரி, கீரைகள். கோடைக்கு இவை போதும். கத்தரி தையில் நட்டது என்றால் தாக்குப்பிடிக்கும், புதிதாக நட வேண்டாம். தக்காளி பகலில் 35 டிகிரி தாண்டி இரவும் குளிராமல் இருந்தால் பூவாகப் பூத்துக் கொட்டும், செடி என்னவோ ஜம்மென்று இருக்கும், காய் இருக்காது. ஆடி வரை பொறுங்கள்.

வெண்டைக்கு ஒன்றரை அடிக்கு ஒரு அடி. மாசி, பங்குனியில் ஊன்றினால் நாற்பத்தைந்து நாளில் காய் பறிக்கலாம். கொத்தவரைக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி அரை அடி, வெயில் தாங்குவதில் இதற்கு இணை கிடையாது. பாகல், புடலை விதையின் தோல் கெட்டி, ஒரு ராத்திரி ஊறவைத்து ஊன்றவும். பந்தல் காய்க்கு ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி எடுத்துப் பாதி மண், பாதி மக்கிய எரு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

வெயில் காலத்தில் இந்தக் கொடிகள் ஆண் பூவாகத் தள்ளும், பெண் பூ குறைவாக வரும், இது நோய் இல்லை. பூ இருந்தும் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். பூசணியும் பாகலும் விடியற்காலையில் பூக்கும், சுரை, பீர்க்கு, புடலை எல்லாம் சாயங்காலத்துக்கு மேல். அந்தந்த நேரத்தில் போய் ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் லேசாக ஒற்றி எடுத்தால் போதும்.

கீரையைத் தூவி விதைப்பதுதான் நம் வழக்கம். ஆனால் தூவிய பாத்தியில் களை எடுப்பது பெரிய தலைவலி, எது முளைக்கீரை எது குப்பைக்கீரை என்று குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். பொடி மணலோடு விதையைக் கலந்து, அரை அடிக்கு ஒரு கோடு கீறி, கோட்டில் விடுங்கள். கோட்டில் இருப்பது கீரை, கோட்டுக்கு வெளியே இருப்பது களை, யோசிக்கவே வேண்டாம். மே மாதத்தில் 50 சதவீத நிழல் வலையோ முருங்கை மரத்தடியோ கிடைத்தால் இருபத்தைந்து நாளுக்குள் பிடுங்கிவிடலாம்.

மூடாக்கு

செடி அரை அடி உயரம் வந்ததும், முதல் களையை எடுத்த கையோடு மூடாக்குப் போட்டுவிட வேண்டும். களை மேலேயே மூடாக்குப் போட்டால் களைக்கும் நிழல் கிடைத்த மாதிரி ஆகிவிடும். காய்ந்த இலை, கரும்புச் சோகை, நறுக்கிய தென்னை ஓலை, கடலைப் பொட்டு, எது கிடைக்கிறதோ அது, மூன்று நான்கு இஞ்ச் கனம். மெலிதாகத் தூவினால் சும்மா அழகுக்குத்தான். வைக்கோல் போட்டால் நன்றாக உதறிப் போடுங்கள், இல்லையென்றால் பாத்தியில் நெல் முளைக்கும். தண்டிலிருந்து இரண்டு இஞ்ச் தள்ளியே இருக்கட்டும்.

கோடை மூடாக்கில் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று கரையான். காய்ந்த ஓலையும் காய்ந்த மண்ணும் சேர்ந்தால் கரையானுக்குக் கொண்டாட்டம், மூடாக்கைத் தின்று முடித்துவிட்டு கத்தரித் தண்டுக்கு வரும். அடியில் வேப்பம் புண்ணாக்கைத் தூவி, மூடாக்கின் கீழ் மண் ஈரமாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பெருமளவு அடங்கும். இன்னொன்று பூரான், தேள். வெயிலுக்கு ஒதுங்க அவற்றுக்கும் இடம் வேண்டுமே. மூடாக்கில் வெறுங்கையை விட்டுத் துழாவாதீர்கள், முதலில் ஒரு குச்சியால் புரட்டுங்கள்.

ஆன்லைனில் விற்கும் வெள்ளி, கறுப்பு மல்ச்சிங் ஷீட் வேலை செய்யும், வெள்ளிப் பக்கம் மேலே இருக்க வேண்டும். ஆனால் இரண்டு சென்ட் கொல்லைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு சீசன் கழித்துக் கிழிந்த துண்டுகளைப் பொறுக்குவது களை எடுப்பதைவிட எரிச்சலான வேலை. பழைய அட்டைப்பெட்டியை டேப்பெல்லாம் உரித்து விரித்து, மேலே இலை போட்டால் அதே பலன், மக்கியும் போகும்.

எப்போது களை எடுப்பது

விதைத்ததிலிருந்து முதல் நாற்பது, நாற்பத்தைந்து நாள்தான் முக்கியம். அந்தக் காலத்தில் களை விட்டுவிட்டால் பின்னால் எவ்வளவு உரம் போட்டாலும் செடி தேறாது. அதற்குப் பிறகு வெண்டை இலை விரித்து நிழல் கட்டிக்கொள்ளும், கீழே முளைப்பது தானே சோர்ந்துவிடும். எனவே பத்துப் பன்னிரண்டாம் நாள் ஒன்று, இருபத்தைந்தாம் நாள் மண் அணைக்கும்போது ஒன்று, நாற்பதாம் நாள் ஒரு பார்வை. வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் சுற்றி வந்தால் இந்த மூன்றும் லேசாகிவிடும்.

வேளை முக்கியம். செதுக்கும் களை, அதாவது விதையிலிருந்து முளைத்த சின்னக் களையைக் காலை ஏழு மணிக்குச் செதுக்கிப் போட்டால் பதினொரு மணிக்குக் காய்ந்து சருகாகிவிடும். அதே களையைச் சாயங்காலம் செதுக்கிப் போட்டு, பின்னாலேயே தண்ணீரும் விட்டால் பாதி திரும்ப வேர் பிடிக்கும். கிழங்கு, வேர் உள்ள களைக்கு இது தலைகீழ், அதற்கு மண் ஈரமாக இருக்க வேண்டும், முதல் நாள் மாலை தண்ணீர் விட்டு மறுநாள் காலை தோண்டுங்கள்.

வெள்ளரி, பூசணி வேர் மேலாகவே படரும், அதன் பக்கத்தில் கொத்தக் கூடாது. களையை அரிவாளால் தரையோடு அறுத்து அங்கேயே போடுங்கள். வெண்டை வரிசைக்குள் போகும்போது முழுக்கைச் சட்டை, அதன் சுணை பட்டால் நாள் முழுக்க அரிக்கும்.

கோரை: இதற்குத் தனியாக உட்கார வேண்டும்

கோரையைப் பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும், அதுதான் அதன் தந்திரம். வந்தது தழை மட்டும், கிழங்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது, ஒரு வாரத்தில் புதுக் குருத்து வரும்.

செய்ய வேண்டியது இது. முளையிலிருந்து நான்கு இஞ்ச் தள்ளி களைக்கொத்தையோ சின்னக் கடப்பாரையையோ சாய்வாக இறக்கி, மண்ணோடு சேர்த்து நெம்புங்கள். கட்டியைக் கையால் மெதுவாகப் பிளந்தால் தழைக்கு அடியில் ஒரு சின்னக் குமிழ் தெரியும். அதிலிருந்து பழுப்பாக, கம்பி மாதிரி ஒரு வேர்த்தண்டு பக்கவாட்டில் ஓடும். அதை அறுக்காமல் மண்ணை விலக்கிக்கொண்டே போனால் இரண்டு மூன்று இஞ்சில் ஒரு கறுத்த கிழங்கு, அங்கிருந்து மறுபடி ஒரு கம்பி, அடுத்த கிழங்கு. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், ஒரு வாசனை வரும், குளியல் பொடியில் போடும் அதே கோரைக்கிழங்கு வாசனை. இந்தச் சங்கிலி அறுந்தால்தான் ஆபத்து. ஒன்றோடொன்று கோர்த்து இருக்கும்போது நுனிக் கிழங்கு மட்டும்தான் பெரும்பாலும் முளைக்கும், மற்றவை தூங்கும். தண்ணீர் விடும் பாத்தியில் மண்வெட்டியால் கண்டபடி கொத்தினால் ஒவ்வொரு துண்டும் விழித்துக்கொள்ளும்.

பெரும்பாலான கிழங்குகள் அரை அடி ஆழத்துக்குள்தான் இருக்கும். ஆனாலும் ஒரே தடவையில் முடியாது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். முளை வெளியே வந்து மூன்று வாரத்துக்கு மேல் விட்டால் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும், அதற்குள் தலையை எடுத்துக்கொண்டே இருந்தால் பழைய கிழங்கின் சேமிப்பு கரைந்துபோகும். தோண்ட நேரமில்லாத வாரத்தில் தரையோடு அறுத்தாவது விடுங்கள். மூடாக்கையும் பாலிதீனையும் குத்திக்கொண்டு வரும் குருத்து இது, அதனால் மூடிவிட்டால் போகும் என்று நம்ப வேண்டாம். இதற்குப் பிடிக்காத ஒன்று நிழல். கோரை மண்டிய இடத்தில் பூசணியையோ தட்டைப்பயறையோ நெருக்கி விதைத்துப் படரவிட்டால் ஒரு பருவத்தில் கணிசமாகக் குறையும்.

அருகம்புல் கதை கொஞ்சம் வேறு. அது தரைக்கு மேலேயும் ஓடும், கீழேயும் ஓடும், கணுவுக்குக் கணு வேர். ஈரப் பாத்தியில் மண்வெட்டியால் வெட்டினால் ஒன்று பத்தாகும். கடப்பாரையாலோ முள் மண்வெட்டியாலோ மண்ணைத் தளர்த்தி, தண்டை நீளமாக உருவி எடுக்க வேண்டும். பெரும்பாலும் வேலியோரத்திலிருந்துதான் பாத்திக்குள் நுழையும், அதனால் பாத்தி ஓரத்தில் முக்கால் அடி ஆழத்துக்கு ஒரு குறுகிய சால் வெட்டி, அல்லது பழைய ஓடுகளை நட்டுவைத்து, நுழையும் தண்டை மாதம் ஒருமுறை அறுத்துவிட்டால் தீர்ந்தது.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குங்கள், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். கையுறை கட்டாயம். சிலருக்குத் தோலில் கடுமையான ஒவ்வாமையும், பூத்தூளால் மூச்சுத் தொல்லையும் வரும், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடவும். இலையைச் சல்லடையாக அரிக்கும் ஒரு சின்ன வண்டைப் பார்த்தால் விட்டுவிடுங்கள், பார்த்தீனியத்தை ஒழிக்கவே மெக்சிகோவிலிருந்து 1980களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு அது.

சட்டிக்குப் போகும் களை

எல்லாக் களையும் எதிரி இல்லை. தொய்யக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை மூன்றும் கோடையில் தானாக வரும் இலவசக் கீரை. பருப்புக்கீரையைப் பாசிப்பருப்போடு கடைந்தால் லேசான புளிப்போடு நன்றாக இருக்கும். ஆனால் அடையாளம் முக்கியம். பருப்புக்கீரைக்கு வழவழப்பான சிவந்த தண்டு, தடித்த இலை, சின்ன மஞ்சள் பூ. சாரணையும் தரையோடு படர்ந்து அதே மாதிரி இருக்கும், அதன் இலை ஜோடியில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும், பூ வெளிர் சிவப்பாகவோ வெள்ளையாகவோ இலைக் கக்கத்தில் ஒளிந்திருக்கும். கிள்ளினால் பால் வந்தால் அது இரண்டும் இல்லை, அம்மான் பச்சரிசி வகை எதுவோ, கீரையாக நினைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் சமைக்காதீர்கள், தெரிந்த பாட்டி ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

பருப்புக்கீரையில் இன்னொரு விஷயம், பிடுங்கிப் போட்ட பிறகும் தண்டில் இருக்கும் தண்ணீரை வைத்தே விதையை முற்றவைக்கும், ஈரம் பட்டால் திரும்ப வேரும் விடும். பிடுங்கினால் பாத்தியை விட்டு வெளியே எடுத்துவிட வேண்டும்.

வேலியோரத்தில் தும்பை நாலு செடி இருந்தால் இருக்கட்டும், தேனீ வரும், அதே தேனீதான் பாகலுக்கும் வர வேண்டும். துத்தியை மட்டும் வெண்டைப் பக்கத்தில் விடாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம், மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் துத்தியில் குடித்தனம் நடத்திவிட்டு வெண்டைக்கு இடம் மாறும். வெண்டை இலையில் நரம்பெல்லாம் வலை மாதிரி மஞ்சளாகிவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் நச்சுயிரி, மருந்து கிடையாது, அந்தச் செடியைப் பிடுங்கிப் புதைத்துவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி இரண்டு தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளிக்கலாம். மதிய வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மணத்தக்காளி தானாக முளைத்தால் எடுக்க மனசு வராது, சரி, ஆனால் கத்தரிக்குச் சொந்தக்காரச் செடி அது, கொஞ்சம் தள்ளி ஒரு மூலையில் நட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்த களையை எங்கே போடுவது

பூக்காத, விதைக்காத சின்னக் களை என்றால் மூடாக்கோடு மூடாக்காகப் போடலாம். கோரைக் கிழங்கும் அருகம்புல்லும் நேரே உரக்குழிக்குப் போகக் கூடாது, வீட்டு உரக்குழியில் அவற்றைக் கொல்லும் அளவுக்குச் சூடு ஏறாது. சிமென்ட் தரையிலோ மொட்டை மாடியிலோ பரப்பி, முறித்தால் சடசட என்று ஒடியும் வரை காயவையுங்கள். அல்லது ஒரு டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூன்று வாரம் ஊறவைத்தால் எல்லாம் அழுகிக் கரைந்துவிடும், அந்தத் தண்ணீரை ஒன்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து செடிக்கு விடலாம். நாற்றம் தாங்காது, அக்கம்பக்கத்து வீட்டை யோசித்து இடம் பாருங்கள், டிரம்மைக் கொசு நுழையாதபடி துணி கட்டி மூடுங்கள்.

உப்பும் வினிகரும் கலந்து தெளித்தால் களை செத்துவிடும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. உப்பு போட்ட மண்ணில் களை மட்டுமா சாகும், அடுத்து நீங்கள் போடும் வெண்டையும் சேர்ந்துதான் சாகும், மண்ணிலிருந்து உப்பைக் கழுவி எடுக்க நம் கோடையில் தண்ணீர் ஏது. களைக்கொல்லியும் இந்த அளவு இடத்துக்கு வேண்டவே வேண்டாம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு 2022 அக்டோபரில் மத்திய அரசே கட்டுப்பாடு விதித்து அறிவிக்கை வெளியிட்டது. அது இருக்கட்டும், காற்றில் ஒரு துளி பறந்து தக்காளி மேல் பட்டாலே செடி சுருண்டுவிடும், கொல்லையில் செடிக்கும் களைக்கும் இடைவெளியே ஒரு சாண்தானே.

வைகாசி, ஆனி

அக்னி நட்சத்திரம் முடியும்போது மாசியில் போட்ட வெண்டை ஓய்ந்திருக்கும். செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிடுங்கள், மண் கிளறப்படாது, வேர் உள்ளேயே மக்கும். இந்தப் பாத்தியைச் சும்மா விட்டால் முதல் மழைக்கே களை குடியேறிவிடும், அதனால் தக்கைப்பூண்டோ சணப்போ தட்டைப்பயறோ நெருக்கமாகத் தூவிவிடுங்கள். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணில் சேர்த்து, இரண்டு வாரம் மக்கவிட்டால் அடுத்த நடவுக்கு இந்தப் பாதி தயார். காயப்போட்ட பாதியில் ஆடி பிறந்ததும் விதைக்கலாம், அதற்கு முன் ஒரு தடவை நனைத்து, முளைப்பதைச் செதுக்கிவிட்டு.

இதற்கிடையில் ஆனி முடிவதற்குள் வேலியோரத்தையும் பக்கத்துக் காலி மனையை ஒட்டிய பகுதியையும் ஒரு நாள் உட்கார்ந்து அறுத்துவிடுங்கள். வெட்டுக்காயப் பூண்டின் விதைக்குப் பஞ்சு மாதிரி இறக்கை உண்டு, எருக்குக்கும் அப்படித்தான். ஆடிக்காற்று அடிக்கத் தொடங்கிய பிறகு அறுத்தால் விதையெல்லாம் ஏற்கெனவே உங்கள் பாத்திக்கு வந்து சேர்ந்திருக்கும்.